நூறு கிரெய்ன் மருந்து, ஒரு செப்புக் குண்டு: மஸில்லோடர் மான் வேட்டைக்கு என் தேர்வு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அத்தோடு கிளம்பலாம். உங்களிடம் .50 காலிபர் (அரை அங்குலக் குழல்) இன்லைன் மஸில்லோடர், அதாவது குழல் வாய் வழியாக வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கி இருக்கிறது, மானை நூறு கஜத்துக்குள்தான் சுடப் போகிறீர்கள் என்றால், பார்ன்ஸ் நிறுவனத்தின் 250 கிரெய்ன் முழுச் செப்புக் குண்டு ஒன்று, அதற்குப் பின்னால் நூறு கிரெய்ன் வெடிமருந்து. போதும். (கிரெய்ன் என்பது குண்டுக்கும் மருந்துக்கும் வழங்கும் மிகச் சிறிய அளவு.) 150 கிரெய்ன் 'மேக்னம்' கணக்கும் வேண்டாம், பெட்டி மேல் இருநூறு கஜம் என்று எழுதி ஆசைகாட்டும் குண்டும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்பது ஜெயிலுக்குப் போகும் வேலை. நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். இங்கே வெள்ளைவால் மான்கள் சோளக்கொல்லையையும் சோயாவையும் மேய்ந்து, இரவானால் நெடுஞ்சாலையில் கார் மேல் பாயும் அளவுக்குப் பெருகிக் கிடக்கின்றன. மாநில வனவிலங்குத் துறையே உரிமம் விற்று, பருவம் குறித்து, விழுந்த ஒவ்வொரு மானையும் பதியச் சொல்கிறது. வில்லுக்கு ஒரு பருவம், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை தொடங்கித் துப்பாக்கி வாரம், அப்புறம் ஜனவரித் தொடக்கத்தில் மஸில்லோடருக்கென்றே நான்கு நாள். அந்த நான்கு நாளில் காட்டில் கூட்டம் இருக்காது, குளிர்தான் இருக்கும். எனக்கு அதுதான் பிடித்த பருவம். வின்டன் கவுன்டிப் பக்கம், ஜாலெஸ்கி மாநிலக் காட்டை ஒட்டிய மேடுபள்ளமான ஓக் காடுதான் என் வழக்கமான இடம். அங்கே நூறு கஜம் தூரம் கண்ணுக்குத் தெரிந்தாலே பெரிய விஷயம். இந்தத் தகவலை நினைவில் வையுங்கள், குண்டு விஷயத்தில் முடிவை மாற்றுவது இதுதான்.

மஸில்லோடரில் மர்மம் ஒன்றும் இல்லை. நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியின் படித்த பேரன். குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டு, குண்டை வை, கம்பியால் இடித்துக் கெட்டி, சுடு, மறுபடி முதலிலிருந்து. பழைய துப்பாக்கிகளில் தீப்பொறி பக்கவாட்டில் இருந்து வரும். இன்லைனில் குழலுக்கு நேர் பின்னாலிருந்து வரும். டோனி நைட் என்பவர் 1985இல் எம்.கே-85 என்ற துப்பாக்கியை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த வகைதான் வேட்டைக்காரர்களிடையே பரவியது. இப்போது பெரும்பாலும் ஷாட்கன் தோட்டாவுக்குரிய 209 பிரைமர்தான் தீ வைக்கிறது. மழையில் நனைந்த காலையிலும் பற்றிக்கொள்ளும்.

என் துப்பாக்கி சி.வி.ஏ ஆப்டிமா. .50 காலிபர், 26 அங்குலக் குழல், நடுவில் மடங்கித் திறக்கும் வகை. நான் வாங்கியபோது 400 டாலருக்குள் முடிந்தது. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, நல்ல பொருள். பின்பக்க அடைப்பைச் சாவி எதுவும் இல்லாமல் விரலாலேயே திருகிக் கழற்றலாம். சுத்தம் செய்யச் சோம்பல்படுகிறவனுக்கு இந்த ஒன்றே போதும். இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள துப்பாக்கிகளைச் சுட்டிருக்கிறேன். கட்டை அழகாக இருந்தது, விசை இன்னும் கொஞ்சம் மிருதுவாக இருந்தது. நூறு கஜத்தில் மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சட்டம் பற்றியும் இங்கேயே ஒரு சின்ன விஷயம். 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், தோட்டா போட முடியாத மஸில்லோடரைப் பழங்காலப் பொருள் கணக்கில் வைத்திருக்கிறது. அதனால் மற்ற துப்பாக்கிக்கு நிரப்பும் கூட்டாட்சிப் படிவம் இதற்குக் கிடையாது. ஆனால் ஒரே அடிச்சட்டத்தில் சாதாரண ரைஃபிள் குழலையும் மாற்றி மாட்டலாம் என்றிருக்கும் தாம்சன் சென்டர் என்கோர் போன்ற மாடல்கள் இந்தச் சலுகைக்குள் வராது. மாநிலச் சட்டங்களோ ஆளுக்கொரு விதம். விசாவில் இருக்கிற தம்பிகள் யாராவது படித்தால், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று கடைக்குப் போகாதீர்கள். வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குண்டு. இன்லைனில் பெரும்பாலானவர்கள் சுடுவது சேபோ குண்டு. குழல் .50 அங்குலம், குண்டு .45 அங்குலம்தான். இடைவெளியை நிரப்ப இதழ் பிரிந்த ஒரு பிளாஸ்டிக் குப்பிக்குள் குண்டை உட்கார வைத்திருப்பார்கள். குழலின் உள்ளே இருக்கும் சுருள் பள்ளத்தைப் பிடித்துச் சுழல்வது பிளாஸ்டிக். வெளியே வந்த சில கஜத்தில் இதழ் விரிந்து அது விழுந்துவிடும், குண்டு மட்டும் போகும். இன்லைன் குழல்களில் பெரும்பாலும் சுருள் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு தள்ளாடாமல் போக இந்த வேகமான சுழற்சி வேண்டும். பழைய பாணியில் உருண்டைக் குண்டு சுடும் குழல்களில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுகூட உண்டு. உருண்டைக்கு அது போதும், நீளக் குண்டைப் போட்டால் இலக்கு அட்டையில் பக்கவாட்டில் படுத்தபடி ஓட்டை விழும். செப்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குச் செப்புக் குண்டு இன்னும் நீளமாக இருக்கும். ஆகவே செப்பு வாங்கும் முன் உங்கள் குழல் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பாருங்கள், பெரும்பாலும் குழல் மேலேயே பொறித்திருக்கும்.

இனி வேகம். சாதாரண மான் ரைஃபிள் குண்டு வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் கிளம்பும். மஸில்லோடர் குண்டு எவ்வளவு மருந்து போட்டாலும் 2,000 அடியைச் சுற்றியே நிற்கும். அந்த வேகத்தில் திறக்கும் குண்டு வேண்டும் என்றதும் ஆரம்பத்தில் எல்லோரும் எடுத்தது கைத்துப்பாக்கிக் குண்டுகளை. .44, .45 கைத்துப்பாக்கிக்குச் செய்த குண்டை அப்படியே சேபோவுக்குள் உட்கார வைத்தார்கள். ஹார்னடியின் எக்ஸ்.டி.பி இன்றைக்கும் அப்படி விற்பதுதான். அந்த ரகம் 900 அடியிலிருந்து 1,400, 1,500 அடிவரை நன்றாக வேலை செய்யும்படி வடிவமைத்தது. நூறு கிரெய்ன் மருந்தோடு சுட்டால், குண்டு மானை அடையும்போது வேகம் ஏறக்குறைய அந்தப் பக்கம் வந்துவிடும். மலிவும்கூட. பயிற்சிக்கு நான் இன்னும் அதைத்தான் வாங்குகிறேன்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், 50 கிரெய்ன் மருந்தை அழுத்திச் செய்த மாத்திரை மூன்றை வரிசையாகக் குழலில் போட்டு 150 கிரெய்ன் என்று சுடும்போது. அட்டைப் பெட்டியில் இருக்கிற வேக எண்ணைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. அந்த வேகம் இருநூறு கஜத்தில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மான் வந்து நிற்பது முப்பது கஜத்தில். அங்கே மென்மையான குண்டு 1,900 அடி வேகத்தில் போய் முன்சப்பை எலும்பில் மோதுகிறது. என்ன ஆகும்? ஒரு நிறுவனத்தின், பெயர் வேண்டாம், செப்பு முலாம் பூசிய மென்ஈயக் குண்டை அப்படிச் சுட்டிருக்கிறேன். கொழுத்த பெண்மான், பக்கவாட்டில் நின்றது, அடி விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது. புகை விலகியபோது மான் இல்லை. இரத்தம் சொட்டுச் சொட்டாக, இலைக்கு ஒன்று. ஓடைக்கரை வரை தடம் பிடித்துப் போய் இருட்டும் நேரத்தில்தான் கண்டுபிடித்தேன். தோலை உரித்தால் மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கறி கந்தலாகி இருக்கிறது, உள்ளே ஒரு நுரையீரலுக்கு மட்டும்தான் சேதம், அந்தப் பக்கம் ஓட்டையே இல்லை. சப்பை முழுக்க ஈயத் துணுக்கு. எழுபது கஜத்தில் அதே குண்டு நல்ல பேர் வாங்கியிருக்கக்கூடும். ஆனால் காட்டுக்குள் தூரத்தைத் தேர்வு செய்வது மான்தான்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைகளில் கேட்கிற பேச்சு எல்லாமே 'விழுத்தாட்டும் சக்தி' பற்றித்தான். குண்டின் ஆற்றலை அளக்கும் அடி-பவுண்டு கணக்கு மானைக் கொல்வதில்லை. இரண்டு நுரையீரலையும் கிழித்துக்கொண்டு போகும் ஓட்டைதான் கொல்கிறது. இரண்டு நுரையீரலும் போன மான்கூட ஐம்பது நூறு கஜம் ஓடும், அது இயல்பு. அது எங்கே விழுந்தது என்று காட்டுவது இரத்தத் தடம். தடம் நன்றாக இருக்க வேண்டுமானால் குண்டு உள்ளே போன ஓட்டை மட்டும் போதாது, வெளியே போன ஓட்டையும் வேண்டும். உள்ளே போன ஓட்டை பெரும்பாலும் மேலே இருக்கும், அதைக் கொழுப்பும் மயிரும் அடைத்துக்கொள்ளும். வெளியேறும் ஓட்டை கீழே இருந்தால் பனியில் கோடு போட்ட மாதிரி தெரியும். மஸில்லோடரில் இது இன்னும் முக்கியம். சுட்டதும் முகத்துக்கு முன்னால் புகைச் சுவர். மான் துள்ளியதா, குனிந்ததா, எந்தப் பக்கம் போனது, ஒன்றும் தெரியாது. காது மட்டும்தான் துணை. இரண்டாவது அடிக்கு வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே குண்டிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வா.

பார்ன்ஸ் எக்ஸ்பேண்டர் எம்.இசட் அதைச் செய்கிறது. முழுக்கச் செப்பு, ஈயம் கிடையாது. முனையில் ஆழமான குழி. உடலில் நுழைந்ததும் அந்தக் குழிக்குள் ஈரம் புகுந்து சுவரைப் பிளக்க, ஆறு இதழாக விரிந்து பின்னால் மடங்குகிறது. அதற்கு மேல் உடைவதில்லை, ஏனென்றால் ஒரே உலோகம், பிரிந்து போவதற்கு உறையும் கருவும் என்று இரண்டு பொருள் இல்லை. நான் இதுவரை இதனால் சுட்டவற்றில் பெரும்பாலும் குண்டு மறுபக்கம் போய் மண்ணில் புதைந்துவிட்டது. ஒரே ஒரு குண்டு கிடைத்தது. முன்பக்கம் பார்த்துக் கொஞ்சம் சாய்வாக நின்ற ஆண் மான். முன்சப்பை எலும்பை உடைத்து, நீளவாட்டில் போய், கடைசி விலாவுக்கு அப்பால் தோலடியில் முட்டிக்கொண்டு இருந்தது. ஆறு இதழும் அப்படியே. தராசில் வைத்தால் புதுக் குண்டுக்கும் அதற்கும் பேர் சொல்லும் வித்தியாசம் இல்லை. அந்த மான் இருந்த இடத்திலிருந்து நான் உட்கார்ந்திருந்த மரம் தெரியும், அவ்வளவு கிட்டத்தில் விழுந்தது.

காயத்தின் தன்மையும் வேறு. மென்ஈயம் மேலே பெரிதாகக் குழப்பிவிட்டு உள்ளே சுருங்கும். செப்பு நுழைவாயிலில் சின்ன ஓட்டை, விலாவுக்குள் முஷ்டி நுழையும் பாதை, வெளியேறுமிடத்தில் ஐம்பது காசு அகலம். சப்பைக் கறி வீணாவது மிகக் குறைவு. கறி வெட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கறி என்றதும் ஈயம் பற்றி. 2008இல் வட டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குக் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயத் துணுக்குகள் இருப்பது தெரியவந்து, அதை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் நடந்த இரத்தப் பரிசோதனையில், வேட்டை இறைச்சி சாப்பிடுவோருக்கு ஈய அளவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. பயப்படும் அளவு இல்லை, ஆனால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் 'சற்று' என்பதும் யோசிக்க வைக்கும். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. ஒஹாயோவில் அப்படித் தடை ஏதும் இல்லை. என் வீட்டில் தடை இருக்கிறது. ஈயத் துணுக்கு நிறைந்த அந்தச் சப்பையைப் பார்த்த அன்று என் மனைவி, "இதை நீங்களே சாப்பிடுங்க, பிள்ளைங்க தட்டுல வைக்காதீங்க" என்று சொன்னதோடு விவாதம் முடிந்தது. செப்புக்கு மாறிய பிறகுதான் மான் சுக்கா வறுவல் எங்கள் வீட்டில் மறுபடி பொதுச் சொத்தானது.

குறை இல்லாமல் இல்லை. முதலில் விலை. முழுச் செப்புக் குண்டு எந்த நிறுவனத்தினுடையதானாலும் ஈயத்தைவிடக் கணிசமாக விலை கூடும். ஈயத்தில் அதே பணத்துக்கு இரண்டு மூன்று சுடலாம். அடுத்து, தூரம் கூடி வேகம் குறையக் குறைய செப்பு திறக்கத் தயங்கும், ஈயம் அப்போதும் நசுங்கிக்கொடுக்கும். வயல்வெளியில் 180 கஜம், 200 கஜம் என்று சுடுகிறவருக்கு என் தேர்வு சரியாக இருக்காது. உறையும் கருவும் ஒட்டிய, கூர்முனை ஈயக் குண்டு ஒன்றை அவர் பார்க்கலாம். மூன்றாவது, எல்லாச் சேபோவுக்கும் பொதுவான தொல்லை: கடுங்குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டு குழலுக்குள் இறங்க மறுக்கும், கோடையில் அடுத்தடுத்துச் சுட்டால் சூட்டில் இளகும். ஒரே குண்டுக்குச் சேபோ வெவ்வேறு கனத்தில் தனியாகக் கிடைக்கிறது. ஹார்வெஸ்டரின் வரிவரியான சேபோ பெரும்பாலான குழல்களில் சுலபமாக இறங்கும். பெட்டியோடு வந்ததே வேதம் என்று நினைக்க வேண்டாம்.

அதே பார்ன்ஸில் ஸ்பிட்-ஃபயர் டி-ஈ.இசட் என்று இன்னொன்று உண்டு, 250லும் 290லும். முனையில் பிளாஸ்டிக் கூர், தட்டையான அடி. காற்றைக் கொஞ்சம் நன்றாகக் கிழித்துப் போகும். நூறு கஜத்துக்குள் எனக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறதோ அது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். உண்மையான கரிமருந்து, அதாவது வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது, இன்லைனில் இப்போது அதிகம் பேர் போடுவதில்லை. 1970களில் வந்த பைரோடெக்ஸ், கந்தகம் இல்லாத ட்ரிபிள் செவன், 2008இல் வந்த பிளாக்ஹார்ன் 209, அதற்குப் பதிலாக இவைதான் கடையில் இருப்பவை. பைரோடெக்ஸ் மலிவு, ஆனால் சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவாவிட்டால் மறுநாள் குழலில் துரு. ட்ரிபிள் செவன் வேகம் தரும், தண்ணீரிலேயே கழுவிவிடலாம். ஆனால் குழலின் அடியில் கசடு வளையம் ஒன்று கட்டும், இரண்டாவது குண்டு இறக்குமுன் ஈரத்துணி ஒரு முறை ஓட்டிவிட்டால் சரி. பிளாக்ஹார்னில் அந்தத் தொல்லை இல்லை, துடைக்காமலே பல முறை சுடலாம். பதிலுக்கு அது கேட்பது, சூடான 209 பிரைமரும் அதற்கேற்ற பின்பக்க அடைப்பும். பழைய துப்பாக்கிகளுக்குரிய சாதாரண கேப் (தீ மூட்டும் சின்ன மூடி) போட்டால் பற்றாது. தண்ணீரில் கரையாது என்பதால் கரைப்பான் வாங்க வேண்டும்.

பிளாக்ஹார்னின் விலையைப் பார்த்து மயக்கம் வரலாம், ஆனால் கணக்குப் போட்டால் அவ்வளவு மோசம் இல்லை. டப்பாவில் 10 அவுன்ஸ், அதாவது 4,375 கிரெய்ன் எடை. மஸில்லோடரில் மருந்தை அளப்பது எடையில் அல்ல, கொள்ளளவில். நூறு கிரெய்ன் கொள்ளளவு பிளாக்ஹார்ன் சுமார் 70 கிரெய்ன் எடைதான் வரும். ஒரு டப்பாவில் அறுபது முறை சுடலாம். எனக்கு அது இரண்டு வருடம் ஓடும். கொள்ளளவு, எடை இரண்டையும் குழப்பி நூறு கிரெய்னை எடைபோட்டுக் கொட்டிவிடாதீர்கள். நவீன தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்தை இந்தத் துப்பாக்கியில் போடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது, குழல் வெடித்து விரல் போகும்.

நூறு கிரெய்னோடு என் 250 குண்டு வினாடிக்கு 1,800 அடி அளவில் கிளம்புகிறது. நூறு கஜத்தில் 1,450லிருந்து 1,500க்குள் இருக்கும். செப்பு நன்றாகத் திறக்க அது தாராளம். நூறு கஜத்துக்குக் குறி வைத்துவிட்டால் 150 கஜத்தில் ஆறேழு அங்குலம் கீழே விழும், அவ்வளவுதான். 150 கிரெய்ன் போட்டால் இந்த இறக்கம் சில அங்குலம் குறையும். அந்தச் சில அங்குலத்துக்காகத் தோளில் வாங்குகிற உதை இருக்கிறதே, மூன்றாவது அடியிலேயே கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்க ஆரம்பித்துவிடுவோம். என் குழலில் மேக்னம் கணக்கு குறியையும் அகலப்படுத்தியது. மாத்திரைக்குப் பதில் தூளை அளந்து போட்டு, எண்பதிலிருந்து ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள். எங்கே மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொடுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

என் மச்சான் பென்சில்வேனியாவில் இருக்கிறார். அங்கே கிறிஸ்துமஸ் முடிந்து வரும் பருவத்தில் ஃப்ளின்ட்லாக் மட்டும்தான் அனுமதி. சக்கிமுக்கிக் கல் உரசி, தட்டில் இருக்கும் மருந்து பற்றி, அப்புறம் குழல் பற்றும். ஸ்கோப் (துப்பாக்கி மேல் பூட்டும் தொலைநோக்கி) கிடையாது. அவர் சுடுவது .490 அங்குல ஈய உருண்டை, 177 கிரெய்ன், எண்ணெய் தடவிய துணியில் சுற்றி. கணக்கில் பார்த்தால் பாவம்: உருண்டை காற்றில் வேகத்தை இழப்பதில் மன்னன், நூறு கஜம் போவதற்குள் கிளம்பிய வேகத்தில் பாதியை ஒட்டி வந்துவிடும். ஆனால் ஐம்பது கஜத்தில் மென்ஈய உருண்டை விலாவுக்குள் நசுங்கி நன்றாகவே வழி போடுகிறது. "மாப்ள, உன் குண்டு ஒன்னோட விலையில நான் ஒரு வாரம் சுடுவேன்" என்பார். உண்மைதான், அவரே ஈயம் உருக்கி வார்க்கிறார். அவர் அறுபது கஜத்துக்கு மேல் விசையைத் தொடமாட்டார். அந்தக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு வரும் என்பதுதான் கேள்வி.

கையாள்வதில் ஒன்றே ஒன்று வலியுறுத்துவேன். சரியான அளவு மருந்தும் குண்டும் அடிவரை இறங்கியபோது கெட்டிக்கும் கம்பியில் குழல் வாய்க்கு நேராக ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு வாயோடு சேர்கிறதா என்று பாருங்கள். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். ஏற்கெனவே மருந்து போட்ட குழலில் மறந்துபோய் இன்னொரு தடவை போடுவதையும் இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். சுட்ட பிறகு, மான் விழுவதைக் கண்ணால் பார்க்காவிட்டால், அரைமணி நேரம் இருந்த இடத்திலேயே உட்காருங்கள். உடனே பின்னால் போனால் படுத்த மானும் எழுந்து ஓடும்.

மேற்கு மாநிலங்களுக்கு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு என் தேர்வு அப்படியே செல்லாது. கொலராடோவில் மஸில்லோடர் பருவத்தில் சேபோ கூடாது, மாத்திரை மருந்து கூடாது, ஸ்கோப்பும் கூடாது. மானுக்குக் குறைந்தது .40 காலிபர், எல்க் என்ற பெரிய மான் வகைக்கு .50. ஐடஹோவில் சேபோவோடு 209 பிரைமருக்கும் தடை, தீ மூட்டும் கேப் வெளியில் தெரிய வேண்டும். அங்கே குழலை நேரடியாக நிரப்பும் முழு அளவுக் குண்டுதான் வழி. ஹார்னடியின் கிரேட் பிளெய்ன்ஸ் 385 கிரெய்ன், தாம்சன் சென்டரின் பழைய மேக்ஸி-பால் மாதிரி. ஆள் கனம், வேகம் மந்தம், எல்க்கின் தோளையும் துளைத்துப் போகும். இவற்றோடு தூள் மருந்தும் திறந்த குறியும். விதிப் புத்தகம் வருடா வருடம் மாறும், குண்டு வாங்கும் முன் அந்த வருடத்துப் புத்தகத்தைப் பாருங்கள். சேபோப் பெட்டியை டென்வருக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை.